காரைக்குடிப் புறநகரில் பனிக்கால இரவு வானத்தைப் படம் பிடித்தல்

இரவு வானத்தைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, விளக்கே இல்லாத காட்டுப் பக்கமாகப் போய்விடுங்கள் என்பதுதான். பால்வீதியின் ஒளி மிகுந்த நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டுமானால் அது சரியான யோசனை. ஆனால் மார்கழியில் அந்தப் பகுதி சூரியனை ஒட்டி நின்றுவிடுவதால், இரவு முழுவதும் விழித்திருந்தாலும் கண்ணில் படாது. மார்கழியிலும் தையிலும் நம் வானத்தை நிறைப்பவை கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, இரவு வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீனாகிய சிரியஸ் ஆகியவை. இவை தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரிபவை. செக்காலையிலோ கழனிவாசலிலோ கோட்டையூரிலோ குடியிருக்கும் ஒருவர் வீட்டு வாசலைத் தாண்டாமலேயே இவற்றை நன்றாகப் படம் பிடிக்கலாம். எங்கே நிற்பது, எந்த நாளில், எந்த நேரத்தில் என்பவற்றை மட்டும் நம் ஊர்க் கணக்குப்படி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நம் ஊர்க் கணக்கு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புழக்கத்தில் இருக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. லண்டனில் இருப்பவருக்கு ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டையாக வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்கள், மிக உயர ஏறிய நேரத்தில்கூட, தெற்கு அடிவானத்துக்கு 37 பாகை மேலேதான் நிற்கும். காரைக்குடி வடக்கு அகலாங்கு 10 பாகையில் இருப்பதால் அதே பட்டை இங்கே 79 பாகைக்கு ஏறிவிடுகிறது. ஓரியனின் தோளாகிய திருவாதிரையோ நேர் உச்சியிலிருந்து மூன்று பாகைக்குள், அதாவது கையை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு விரல் அகலம் தள்ளி, கடந்து போகிறது. இந்த வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அடிவானத்துக்கு 30 பாகை மேலே இருக்கும் விண்மீனின் ஒளி, உச்சியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. ஊரின் தூசியும் பனியும் அந்தக் காற்றில் விளக்கொளியைச் சிதறடித்து அடிவானத்தை வெளிறச் செய்கின்றன. புறநகர் வானத்தில் எஞ்சியிருக்கும் இருட்டு முழுவதும் தலைக்கு நேர் மேலேதான் இருக்கிறது. பனிக்கால விண்மீன்களும் அங்கேதான் வந்து நிற்கின்றன.

ஆகவே மொட்டை மாடியைவிட வளவுதான் நல்ல இடம் என்பது என் கட்சி. நாலு பக்கமும் கூரை இறங்கி, நடுவில் திறந்த முற்றமாக வானத்தைப் பார்த்து நிற்கும் நம் பழைய வீடுகள், தெருவிளக்கு நேரடியாகக் கேமராவில் விழாதபடி தாமே மறைத்துவிடுகின்றன. 15 அடி அகலமுள்ள முற்றத்தின் நடுவே முக்காலியை நிறுத்தி, கூரை விளிம்பு கேமராவைவிட 12 அடி உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 64 பாகை அகலத்துக்கு வானம் கிடைக்கும். விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே நகர்வதால் ஓரியன் அந்த இடைவெளியைக் கடக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அமெச்சூருக்கு அது தாராளம். முற்றத்தின் மேல் குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து கம்பி வலை அடித்திருந்தால் மட்டும் இந்த வசதி இல்லை, ஏனென்றால் அகலக் கோண லென்ஸில் கம்பிகள் கறுப்புக் கோடுகளாகவே விழும். புதிய வீட்டுக்காரர்கள் மாடிக்குத்தான் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கம் ஒன்று எப்படியும் இருக்கும். அது போதாதென்றால் துணி காயப்போடும் கொடியில் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டுத் தெருவிளக்கை மறைத்துவிடலாம்.

பக்கத்து வீட்டு விளக்குக்கு ஜமுக்காளத்தைவிட வாய்ச்சொல் நன்றாக வேலை செய்கிறது. எங்கள் அடுத்த வீட்டு ஆச்சி முதல் இரவில் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் நின்று, “யாரது மாடியில?” என்று டார்ச் அடித்துவிட்டார்கள். “நான்தான் ஆச்சி, நட்சத்திரத்தைப் படம் எடுக்கிறேன். பத்து மணிக்கு மேல பின்கட்டு விளக்கை மட்டும் அமத்திருவீகளா?” என்று கேட்டேன். “அதுக்கென்னப்பா, அமத்திருறேன். நீ பனியில நிக்காதே, தலையில துண்டைக் கட்டிக்க” என்றார்கள். அன்று முதல் அந்த விளக்கு ஒரு தொந்தரவாக இல்லை. முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் டார்ச் அடித்துப் பாழாகும் படங்களும் குறையும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. நிலவு எங்கே நிற்கிறது என்பதைப் பண்டிகைகளே சொல்லிவிடுகின்றன. திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம் ஆகிய நான்கும் பௌர்ணமியை ஒட்டி வருபவை. அந்தந்த நாளில் முழுநிலவு அந்தந்த விண்மீனின் அருகிலேயே நிற்கும். கார்த்திகை தீபத்தன்று கார்த்திகைக் கூட்டத்தைப் படம் பிடிக்க முயல்வது வீண் வேலை. இதற்கு நேர்மாறாகப் பிள்ளையார் நோன்பு நல்ல நாள். மார்கழி வளர்பிறையில் சஷ்டியும் சதயமும் கூடும் அந்த இரவில், நோன்பு முடித்து இழை எடுத்துக்கொண்டு எல்லோரும் படுக்கப் போகும் நேரத்துக்கு ஆறாம் பிறை மேற்கே இறங்கிவிடும். அது மறைந்த ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓரியன் உச்சிக்கு வந்துவிடும். எல்லாவற்றிலும் சிறந்தது தை அமாவாசை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் விலகி, மார்கழி மூடுபனியும் குறையத் தொடங்கியிருக்கும்.

மணிக் கணக்கும் எளிதானதுதான். விண்மீன்கள் நாளுக்கு நாலு நிமிடம், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வருகின்றன. ஓரியன் மார்கழி பிறக்கும்போது நள்ளிரவு 12 மணியை ஒட்டியும், பொங்கலன்று இரவு 10 மணியளவிலும், மாசித் தொடக்கத்தில் எட்டேகால் மணியளவிலும் உச்சியில் இருக்கும். பொங்கல் சமயத்தில் அந்தி வெளிச்சம் முழுமையாக அடங்க ஏழரை மணியாகிவிடும் என்பதால், அதற்கு முன் எடுக்கும் படங்களில் நீலம் கலந்திருக்கும். போகிக்கு மறுநாள் காற்றில் புகை மிச்சமிருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளவும்.

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. ஷட்டர் நேரத்தையும் ஒளியுணர் அளவாகிய ஐ.எஸ்.ஓ.வையும் நாமே அமைக்கக்கூடிய பழைய கேனான் அல்லது நிக்கான் கேமரா, அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸ், முடிந்தால் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் திறப்பு பெரிது), ஆடாத முக்காலி, ஷட்டரைத் தொடர்ந்து இயக்கும் டைமர் ரிமோட் ஆகியவை போதும். சிறிய சென்சர் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் ஓரியனின் உடலைத் தோளிலிருந்து கால் வரை படச்சட்டம் நிறையக் காட்டும். வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லிலும் கருங்கல் தளத்திலும் முக்காலியின் கால்கள் வழுக்கும். அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தால் நிற்கும். லென்ஸ் நேர் மேலே பார்க்கும்போது திரை தரையைப் பார்க்கும் என்பதால், திரை மடங்காத கேமரா வைத்திருப்பவர்கள் கோரைப்பாயை விரித்து மல்லாந்து படுத்துத்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். அதிநவீனக் கைப்பேசிகளும் முக்காலியில் நின்றால் ஓரியனைக் காட்டிவிடுகின்றன. ஆனால் பல படங்களை ஒன்றாக அடுக்கும் வேலை பின்னால் வருகிறது; அதற்கு, சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பைத் தரும் கைப்பேசியாக இருக்க வேண்டும்.

விண்மீன்களைப் பின்தொடர்ந்து சுழலும் டிராக்கரை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அதை வடதுருவ விண்மீனை நோக்கிப் பொருத்த வேண்டும். அந்த விண்மீனின் உயரம் ஊரின் அகலாங்குக்குச் சமம் என்பதால், நமக்கு அது அடிவானத்துக்குப் பத்தே பாகை மேலே, தென்னை மரத்துக்கும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். வளவுக்குள்ளிருந்து அது தெரியவே தெரியாது.

பெரும்பாலான படங்கள் கெடுவது ஃபோகஸில்தான், ஆகவே அதற்குப் பொறுமையாக நேரம் ஒதுக்குங்கள். லென்ஸின் மேல் முடிவிலிக் குறி இருந்தாலும் அதில் கொண்டுபோய் நிறுத்தினால் விண்மீன் துல்லியமாக அமைவதில்லை. ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டு, காட்சியைத் திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் சிரியஸைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து பத்து மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பும்போது, மங்கலான வட்டமாகத் தெரிந்த சிரியஸ் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி, அதைத் தாண்டித் திருப்பினால் மீண்டும் விரியத் தொடங்கும். விரியத் தொடங்கிய இடத்திலிருந்து சற்றே பின்வாங்கினால் மிகச் சிறிய புள்ளி கிடைக்கும். அந்த இடத்தில் வளையத்தை நகராதபடி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். டேப்பை ஒட்டும் அழுத்தத்திலேயே வளையம் நகர்ந்துவிடுவது உண்டு என்பதால், ஒட்டிய பிறகு இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது.

ஷட்டர் நேரத்துக்கு 500 விதி என்று ஒன்றைச் சொல்வார்கள். 500ஐ முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சருக்குச் சமமான குவியத் தொலைவால் வகுத்தால், விண்மீன் கோடாக இழுபடாமல் எடுக்கக்கூடிய வினாடிகள் கிடைக்கும் என்பது அதன் பொருள். சிறிய சென்சரில் 18 மி.மீ. என்பது 27 மி.மீ.க்குச் சமம், வகுத்தால் 18 வினாடிகள் வருகின்றன. இந்த விதியை அப்படியே நம்பினால், ஓரியனில் கட்டாயம் கோடு விழும். பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே செல்லும் வான நடுக்கோட்டின் மேல் இருக்கும் விண்மீன்கள்தாம் சட்டத்துக்குள் மிக வேகமாக நகர்பவை. ஓரியனின் பட்டை ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. பல மெகாபிக்சல் கொண்ட இன்றைய சென்சர்கள் சிறு இழுப்பையும் காட்டிக்கொடுத்துவிடும். 18 மி.மீ.க்கு 10 வினாடிகள், 50 மி.மீ.க்கு 3 வினாடிகள் என்று வைத்துக்கொண்டால் புள்ளி புள்ளியாகவே இருக்கும்.

50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்துவிட்டால் ஓரத்து விண்மீன்களுக்குச் சிறகு முளைத்துவிடுகிறது, எனவே திறப்பை எஃப் 2.8க்குக் குறைப்பது நல்லது. ஐ.எஸ்.ஓ. 1600இல் தொடங்கி, படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமாகிய ஹிஸ்டோகிராமில் வானத்தின் மேடு இடது ஓரத்திலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே நிற்கும்படி கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். வெள்ளைச் சமநிலையை 4000 கெல்வினில் நிலையாக வைத்து, ரா கோப்பாகப் பதிவு செய்யவும். நடுக்கம் தவிர்க்கும் வசதி, நீண்ட நேரப் படங்களுக்கான இரைச்சல் (படத்தில் விழும் பொடிப்புள்ளிகள்) குறைப்பு ஆகிய இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். முன்னது முக்காலியில் இல்லாத நடுக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும்; பின்னது ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த நேரத்தை இரட்டிப்பாக்கிவிடும்.

மூன்று வினாடியில் எடுத்த ஒற்றைப் படம் பார்க்க ஏமாற்றமாகத்தான் இருக்கும்: சாம்பல் நிற வானம், அதில் பொடிப்பொடியாய் இரைச்சல். புறநகரில் படம் பிறப்பது எண்ணிக்கையில்தான். ஒரே காட்சியைப் பல முறை எடுத்து அடுக்கும்போது இரைச்சலுக்கு எதிராக ஒளியின் தெளிவு, படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கு உயர்கிறது. 100 படம் அடுக்கினால் 10 மடங்கு, 400 அடுக்கினால் 20 மடங்கு. 3 வினாடி வீதம் 400 படங்கள் என்பது 20 நிமிட ஒளி. இடையில் வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால், நூறு படத்துக்கு ஒரு முறை ஓரியனைத் திரும்பவும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யும்போது முக்காலியின் தலையைத் தளர்த்துவோம், லென்ஸ் வளையத்தில் கை படும். டேப்பின் அருமை அப்போதுதான் தெரியும்.

முடிந்ததும் லென்ஸை மூடிவிட்டு, அதே ஐ.எஸ்.ஓ., அதே வினாடி, அதே இரவுச் சூட்டில் 20 கறுப்புப் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சென்சரின் சொந்தக் கோளாறுகளை மென்பொருள் இவற்றைக் கொண்டு கழித்துவிடும். லென்ஸின் ஓர இருட்டையும் தூசிப் புள்ளிகளையும் நீக்குவதற்கு வெள்ளைப் படங்கள் தேவை. அதற்கு வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, சுருக்கமில்லாமல் லென்ஸின் மேல் இழுத்துப் பிடித்து, விடியற்காலை வானத்தை நோக்கி 20 படங்கள் எடுத்தால் போதும். ஃபோகஸை மாற்றாமல் எடுக்க வேண்டும். கரை விழாத பகுதியாகப் பார்த்துக்கொள்ளவும்.

இனி பனி. வெளிநாட்டு வழிகாட்டிகள் கையுறையையும் குளிரில் செத்துப்போகும் பேட்டரியையும் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. நமக்கு அந்தக் கவலை இல்லை; நமக்கு எதிரி ஈரம். முதல் வருடம் மார்கழியில் மாடியில் கேமராவை நிறுத்திவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டு வந்தேன். 300 படங்களில் முதல் 40 பளிச்சென்று இருந்தன. அதற்குப் பின் விண்மீன்களைச் சுற்றி மெல்ல ஒரு வட்டம் விழத் தொடங்கி, நூறாவது படத்தில் எல்லாம் பால் கலந்த தண்ணீராகிவிட்டது. தெளிந்த இரவில் திறந்த வானத்தைப் பார்க்கும் எந்தக் கண்ணாடியும் தன் சூட்டை மேலே இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அந்தக் காற்றின் ஈரத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். வளவில் சுவர்களும் கூரையும் வானத்தின் பெரும்பகுதியை மறைப்பதால் அங்கே பனி தாமதமாகத்தான் படிகிறது. நான் வளவுக்கு இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே நின்றாலும், கறுப்பு சார்ட் தாளை லென்ஸின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு நீளமான குழாயாகச் சுற்றி முகப்பில் மாட்டுங்கள். அகலக் கோணத்துக்கு இது ஒத்துவராது, ஓரங்களில் தாள் விழும். பவர் பேங்கில் இயங்கும் சூட்டுப் பட்டை கிடைத்தால் அதுவே நிரந்தரத் தீர்வு. கிடைக்கும் வரை, ஒத்தடத்துக்கு வறுப்பதுபோலத் தவிட்டை வறுத்து, துணியில் ஒல்லியாக முடிந்து, கை பொறுக்கும் சூட்டில் லென்ஸைச் சுற்றிக் கட்டினால் அரை மணி நேரம் தாங்கும். உப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துக் கேமராவின் திருகுகளை அரித்துவிடும். பனி படிந்துவிட்டால் துண்டால் துடைக்காமல், மின்விசிறிக்கு முன்னால் வைத்து உலர விடுங்கள்.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி எந்த வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை. முக்காலியின் காலடியில் அதை ஏற்றி வைத்தால், புகை நேராக மேலே எழுந்து லென்ஸுக்கு முன்னால் ஆடும். ஐம்பது படங்களில் ஓரியனுக்குக் குறுக்கே மெல்லிய வெண்படலம் ஒன்று அலைந்தது அதனால்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. காற்று போகும் பக்கமாகப் பத்தடி தள்ளி வையுங்கள்.

அடுக்குவதற்கு டீப் ஸ்கை ஸ்டாக்கர், சிரில் ஆகிய இரண்டுமே இலவசம். அடுக்கிய கோப்பைத் திறந்ததும் அநேகமாகக் கறுப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம், ஒளி உள்ளேதான் இருக்கிறது. முதலில் தெருவிளக்கால் ஒரு பக்கம் வெளுத்திருக்கும் பின்னணியைச் சிரிலின் பின்னணி நீக்கும் கருவியால் சமமாக்கிவிட்டு, அதன் பிறகே மெல்ல மெல்ல ஒளியைக் கூட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் வெளுப்பும் சேர்ந்து கூடி, பிறகு எதுவும் செய்ய முடியாமல் போய்விடும். பட்டைக்குக் கீழே ஓரியன் நெபுலா இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து எழும். 1300 ஒளியாண்டுகளுக்கு மேல் தொலைவிலிருக்கும் அந்த வாயுக் கூட்டம், ஹைட்ரஜனின் ஆழ்ந்த சிவப்பை நிறையவே உமிழ்கிறது. ஆனால் சாதாரணக் கேமராவின் சென்சருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. கிடைக்காத சிவப்பை மென்பொருளில் பூசிக் கொண்டுவராதீர்கள், பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

நெபுலா கைவந்த பிறகு கார்த்திகைக் கூட்டத்துக்குப் போகலாம். அறுமீன் என்று பழந்தமிழ் அழைக்கும் அந்தக் கூட்டத்தில் எத்தனை மீன் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது என்று எண்ணிப் பார்ப்பதே அன்றைய வானத்தைச் சோதிக்கும் நல்ல வழி. ஆறும் தெரிந்தால் கேமராவை வெளியே எடுங்கள். நாலுக்கு மேல் தெரியாவிட்டால் படுக்கப் போய்விடலாம். மார்கழி பிறப்பதற்கு முன்பே, டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட் எரிகற்கள் உச்சத்தை எட்டும். நிலவில்லாத ஆண்டாக இருந்தால் 18 மி.மீ.யில் விடாமல் எடுத்துக்கொண்டே இருங்கள், ஒன்றிரண்டாவது விழும்.

விண்மீன் சுழல்கோடுகளுக்கு மட்டும் வளவை விட்டு வெளியே வர வேண்டும். துருவ விண்மீன் 10 பாகையில் இருப்பது டிராக்கருக்கு இடைஞ்சல். கோபுரத்துக்கோ அதுவே வாய்ப்பு. 20 மீட்டர் உயரமுள்ள கோபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 113 மீட்டர் தள்ளி நின்று வடக்கே பார்த்தால், கலசத்தின் உச்சியை ஒட்டித் துருவ விண்மீன் அமரும். எல்லாக் கோடுகளும் அந்தக் கலசத்தைச் சுற்றியே வளையும். 30 வினாடி வீதம் 120 படங்களை இடைவெளி விடாமல் எடுத்து ஸ்டார் ஸ்டாக்ஸ் மென்பொருளில் சேர்த்தால், ஒவ்வொரு விண்மீனும் 15 பாகை வளைகோடாக வரும். கோபுரத்தின் மின்விளக்கு அணைந்த பிறகுதான் இதைத் தொடங்க முடியும். மார்கழியில் நாலு மணிக்குள் முடித்தும் கொள்ள வேண்டும். அதற்குப் பின் கோவில் ஒலிபெருக்கி எழுந்துவிடும், கோலம் போடுவதற்காக வாசலுக்கு வாசல் விளக்குகள் எரியத் தொடங்கிவிடும்.